இன்னும் எத்தனை நாள்?

தீபாவளிப் பட்டாசுக் குப்பையைக் கூட்டி முடிப்பதற்குள் நம் குடியிருப்புகளில் அடுத்த கணக்கு தொடங்கிவிடுகிறது. பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் பின்தெருக்களில் ஒரே அறையில் ஐந்தாறு பேராகப் படுத்து எழும் இளைஞர்களும், ஷிப்ட் முடிந்து வந்து ஸ்டவ் பற்றவைக்கும் தாய்மார்களும், ஹெப்பகோடி, சந்தாபுரா பள்ளிகளில் கன்னடம் படிக்கும் நம் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி ஒன்றே: பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள்?

இதைக் குழந்தைத்தனமான கேள்வி என்று தள்ளிவிடுவோர் உண்டு. நமக்கு அது அப்படித் தோன்றவில்லை. இந்த ஒரு கேள்விக்குள் கூலி இருக்கிறது, லீவு இருக்கிறது, ரயில் டிக்கெட் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஊரை விட்டு வந்து உழைக்கிறவன் நாள் எண்ணும்போது, தனக்கு வரவேண்டிய பாக்கியையும் சேர்த்தே எண்ணுகிறான்.

இதே கேள்வியை நம்மைவிடப் பன்மடங்கு பெரிய கூட்டம் ஒன்று ஆண்டுதோறும் கேட்கிறது. சீனத்தில் கிராமத்தை விட்டு ஆலைக்கும் கட்டட வேலைக்கும் போன தொழிலாளிகள் சுமார் 30 கோடிப் பேர். அவர்களுடைய புத்தாண்டு நிலவைப் பார்த்து வருகிறது. ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் ஏதோ ஓர் அமாவாசை நாளில் பிறக்கும். நம் பொங்கல் சூரியனைப் பார்த்து வருவதால் தை முதல் நாளை விட்டு நகராது. ஆனாலும் இரண்டும் அக்கம்பக்கத்து வீடுகள்தாம். 2025-ல் நம்மவர் தை அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த ஜனவரி 29-ஆம் தேதியே சீனப் புத்தாண்டு. 2026-ல் அவர்களுக்கு முந்தின ஆண்டில் ஒரு மாதம் அதிகப்படியாக வந்துவிட்டதால் பிப்ரவரி 17-க்குத் தள்ளிப்போயிற்று. 2027-ல் பிப்ரவரி 6, மறுபடியும் நம் தை அமாவாசையோடு.

அவர்கள் நாள் எண்ணும் முறை நமக்கு அந்நியமானதல்ல. கடைசி மாதத்தின் எட்டாம் நாள் அரிசியும் பயறும் கொட்டைகளும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் எண்ணிக்கை தொடங்கிவிட்டது என்று பொருள். வடக்கே இருபத்து மூன்றாம் நாள், தெற்கே இருபத்து நான்காம் நாள், அடுப்படித் தெய்வத்துக்கு வழியனுப்பு விழா. அந்தச் சாமி ஆண்டு முழுவதும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்திருந்து, மேலுலகம் போய் அறிக்கை கொடுப்பாராம். ஆகவே புறப்படுமுன் வாயில் ஒட்டும் மிட்டாயைப் பூசி அனுப்புகிறார்கள். நல்லதை மட்டும் சொல்லவேண்டும், அல்லது வாயே திறக்கக்கூடாது! (நம் காண்ட்ராக்டர் மேஸ்திரிகளுக்கும் இப்படி ஒரு மிட்டாய் கிடைத்தால் தேவலை.) பிறகு வீட்டைக் கழுவித் துடைத்து, பழசைக் கழித்து, கடைசி இரவு குடும்பமே ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடவேண்டும். எத்தனை தூரத்தில் இருந்தாலும் அந்த ஒரு சாப்பாட்டுக்கு வந்து சேரவேண்டும். போகியும் அடுப்பும் உறவும் நமக்கு எப்படியோ, அப்படியே அவர்களுக்கும்.

அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக ஒரு தேசமே இடம் பெயர்கிறது. 'சுன்யுன்' என்று அதற்குப் பெயர். வசந்த விழாப் போக்குவரத்து என்று சொல்லலாம். பண்டிகைக்கு முன் 15 நாள், பின் 25 நாள், ஆக 40 நாளை அரசாங்கமே தனிக் காலமாக அறிவித்து, கூடுதல் ரயில் விட்டு, கணக்கு எடுக்கிறது. 2025-ல் அந்த நாற்பது நாளின் முதல் நாள் எது தெரியுமா? ஜனவரி 14. நாம் இங்கே பொங்கல் வைத்த அதே நாள். அந்த நாற்பது நாளில் ரயிலில் மட்டும் 50 கோடிக்கு மேற்பட்ட பயணங்கள். காரில் போகிறவர்கள் அதைவிடப் பன்மடங்கு.

இதைப் படித்துவிட்டு, அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, இங்கேதான் எதுவும் நடப்பதில்லை என்று யாரும் பெருமூச்சு விடவேண்டாம். அங்கேயும் எதுவும் தானாக வந்துவிடவில்லை. 2008 ஜனவரியில் கடும்பனி பெய்து தென்சீனத்து ரயில்கள் நின்றுபோயின. குவாங்சோ ரயில் நிலையத்தின் முன்னால் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் மூட்டையும் பிள்ளையுமாக மழையிலும் குளிரிலும் நாள் கணக்கில் நின்றார்கள். நெரிசலில் மிதிபட்டு ஒரு பெண் தொழிலாளி மாண்டார். அன்றைய பிரதமர் வென் ஜியாபாவ் நேரில் வந்து ஒலிபெருக்கியைப் பிடித்து மன்னிப்புக் கேட்கவேண்டியதாயிற்று. டிக்கெட் கிடைக்காதவர்கள் குவாங்டோங்கிலிருந்து குவாங்சிக்கு மனைவியையும் குழந்தையையும் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனதை உலகமே படமெடுத்துக் காட்டியது.

பிறகு டிக்கெட்டைக் கம்ப்யூட்டரில் விற்கத் தொடங்கினார்கள். வரிசை ஒழிந்தது என்று படித்தவர்கள் மகிழ்ந்தார்கள். 2012 ஜனவரியில் வென்சோ நகரில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி ரயில்வே அமைச்சகத்துக்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளிவந்தது. கம்ப்யூட்டர் தெரியாத எங்களைப் போன்றவர்கள் கவுண்டருக்குப் போய் நிற்குமுன்பே டிக்கெட் தீர்ந்துபோகிறதே, இது எங்களுக்கு நியாயமா என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தை நம் தொழிற்பேட்டையிலிருந்து யாராவது எழுதியிருந்தால் ஒரு சொல்லையும் மாற்றவேண்டியிருக்காது.

நம் கணக்கைப் பார்ப்போம். முன்பதிவுக் காலம் முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்தார்கள். பயணம் செய்யும் நாளை விட்டுவிட்டு எண்ணவேண்டும். ஜனவரி 13 இரவு ரயிலேற நினைப்பவருக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்குக் கதவு திறக்கிறது. ஓசூர், தர்மபுரி வழியாகப் போகும் தூத்துக்குடி வண்டி, நாகர்கோவில் வண்டி என்றால் கதவு திறந்த வேகத்திலேயே மூடியும் விடுகிறது. காலை ஷிப்டுக்குக் கார்டு பஞ்ச் செய்தவன் அந்த 8 மணிக்கு எங்கே இருப்பான்? மெஷின் முன்னால். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் ஆலைகளும் இருக்கின்றன. 2025 ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கல் டிக்கெட்டுக்கு ஆதார் இணைப்பு கட்டாயம். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் சாதாரண முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடத்தையும் ஆதார் இணைத்த கணக்குக்கு மட்டுமே என்றாக்கினார்கள். தரகர்களை ஒழிக்க வந்த விதி என்றார்கள். நல்லதுதான், தரகரை நாமும் விரும்பவில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேருடைய ஆதாரில் பழைய போன் நம்பர் இருக்கிறது! ஊரில் கொடுத்த நம்பர், தொலைந்துபோன சிம், செத்துப்போன அப்பாவின் பெயரில் வாங்கியது. ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும். ரிசர்வேஷன் கவுண்டரின் கண்ணாடிக்கு உள்பக்கம் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: டிக்கெட் இல்லை என்று திரும்பிப் போகிற முகங்களில் பாதிப்பேருக்கு, எந்த நாளில் கதவு திறந்தது என்பதே தெரியாது. நவம்பரில் முடிந்துபோன விஷயத்துக்கு ஜனவரியில் வந்து நிற்கிறார்கள். பிறகு ஆம்னி பஸ்ஸில் இரண்டு மூன்று மடங்கு கொடுத்துப் போகிறார்கள். அல்லது ஓசூர்வரை ஒரு பஸ், அங்கிருந்து சேலம்வரை நின்றபடி ஒரு பஸ் என்று ஊர் போய்ச் சேர்வதற்குள் பொங்கல் பொங்கி இறங்கிவிடுகிறது.

இனிக் கூலிக்கு வருவோம். இங்கேதான் சீனத்துக் கதை நமக்கு அதிகம் கற்றுத்தருகிறது.

பழைய சீனத்தில் புத்தாண்டு என்றால் கடன் தீர்க்கும் நாள். ஆண்டின் கடைசி இரவுக்குள் பாக்கியை அடைத்தாகவேண்டும். 1945-ல் ஏனானில் மேடையேறிய 'வெண்கூந்தல் பெண்' என்ற இசை நாடகம் இதைத்தான் கதையாக்கியது. கடன்பட்ட ஏழைக் குடியானவன் நிலச்சுவான்தாருக்குப் பயந்து ஊர் ஊராக ஒளிந்து திரிந்துவிட்டு, பண்டிகை இரவில் மகளுக்கு ஒரு சிவப்பு நாடா மட்டும் வாங்கிக்கொண்டு வீடு வருகிறான். கடனுக்கு ஈடாக மகளையே எழுதி வாங்கிக்கொள்கிறான் நிலச்சுவான்தார். தகப்பன் அந்த இரவே உயிரை மாய்த்துக்கொள்கிறான். அந்த நாடகத்தைப் பார்த்து அழாத சீன விவசாயி இல்லை என்பார்கள்.

காலம் மாறியது. இன்றைக்குப் பாக்கி வைத்திருப்பவன் முதலாளி, கடன் கொடுத்தவன் தொழிலாளி. ஒரு மாதம், இரண்டு மாதம், சில இடங்களில் ஆண்டு முழுவதற்குமான கூலியை நிறுத்தி வைத்து, புத்தாண்டுக்கு ஊர் போகும்போது கணக்கு முடிக்கிறேன் என்பது அங்கே கட்டட காண்ட்ராக்டர்களின் வழக்கம். புத்தாண்டு வரும், காண்ட்ராக்டர் வரமாட்டான். 2003 அக்டோபரில் சோங்கிங் பகுதியில் ஒரு கிராமத்துக்குப் போன வென் ஜியாபாவிடம் ஒரு பெண்மணி துணிந்து வாய் திறந்தார்: என் கணவருக்குக் கூலி பாக்கி இருக்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் யுவான். அன்று இரவே பணம் வந்தது. அதன்பிறகு நாடெங்கும் கூலிப்பாக்கி வசூல் இயக்கம் நடந்தது. ஒரு பெண் கேட்டதற்கு ஒரு பிரதமர் பதில் சொன்னார் என்பது நல்ல செய்திதான். ஆனால் பிரதமர் வராத லட்சக்கணக்கான கிராமங்கள்? 2020 மே 1 முதல் இடம்பெயர்ந்த தொழிலாளர் கூலிப் பட்டுவாடாவுக்கென்றே தனி விதிமுறை கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு குளிர்காலமும் அதிகாரிகள் பாக்கி வசூலுக்கு இறங்கத்தான் வேண்டியிருக்கிறது. சட்டம் வந்துவிட்டது என்று கை கட்டி உட்கார்ந்தவனுக்குச் சட்டம் சோறு போட்டதாகச் சரித்திரம் இல்லை.

லீவு விஷயமும் அப்படியே. அங்கே 2025 முதல் புத்தாண்டுக்கு முந்தின நாளையும் அரசு விடுமுறையாகச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு தொடர்ச்சியாக 8 நாள் விடுமுறை. கேட்பதற்கு வாய் ஊறுகிறது. ஆனால் அதில் இரண்டு நாளை ஈடுகட்ட ஜனவரி 26 ஞாயிறும் பிப்ரவரி 8 சனியும் வேலை நாள்! வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கும் வித்தை பெய்ஜிங்கிலும் தெரியும், பொம்மசந்திராவிலும் தெரியும்.

நம் நிலை என்ன? கர்நாடகத்தின் 1963-ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு ஆண்டில் 10 நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஐந்தும் நிலையானவை. மீதி ஐந்தும் பண்டிகை நாள்கள். எந்த ஐந்து என்பதில் தொழிலாளிகளுக்கும் வாய் உண்டு. விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியோடு மாற்று விடுமுறை தரவேண்டும். சங்கராந்தி பெரும்பாலான பட்டியல்களில் இருக்கிறது. அது ஒரு நாள். தமிழ்நாட்டில் போகி, பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும்பொங்கல் என்று நான்கு நாள் நடக்கிற பண்டிகைக்கு, போக ஒரு நாளும் வர ஒரு நாளும் சேர்த்தால் எத்தனை நாள் வேண்டும் என்று நம் மேனேஜர்களுக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் அந்த வாரத்தில் லீவு போட்டவனுக்கு அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸை வெட்டுகிறார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளியானால் திரும்பி வரும்போது அவன் மெஷினில் வேறொருவன் நிற்பான்.

இப்போது முக்கியமான விஷயம். நம் வாசகர்கள் இந்தப் பகுதியை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் நமக்குப் பாதகமானவை பல. அவற்றைப் பற்றித் தனியே எழுதவேண்டும். ஆனால் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தொகுப்பின் 61-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் வந்து வேலை செய்யும் தொழிலாளிக்கு, சொந்த ஊருக்குப் போய்வரும் பயணச் செலவை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக முதலாளி கொடுக்கவேண்டும் என்கிறது அது. எத்தனை நாள் வேலை செய்திருக்கவேண்டும், எந்த வகுப்புக் கட்டணம் என்பவை விதிகளைப் பொறுத்தவை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வெளிமாநிலத் தொழிலாளிகள் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். மாதக் கூலி 18,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு உரியது.

1979-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் பயணப்படி இருந்தது. ஆனால் காண்ட்ராக்டர் ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்திருந்தால்தான் அது கிடைக்கும். தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மாமன் மச்சானைத் தேடிச் சொந்தமாக வந்து வேலைக்குச் சேர்ந்த நம்மில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. புதிய தொகுப்பில், தானே வந்து வேலை தேடிக்கொண்டவரும், வந்தபின் கம்பெனி மாறியவரும் இடம்பெயர்ந்த தொழிலாளியே. இந்த ஒரு வரிதான் நமக்குப் பிடி. இதை நாம் பிடிக்காவிட்டால் யாரும் வந்து நம் கையில் கொடுக்கப்போவதில்லை.

ஆகவே நம் கோரிக்கை நேரானது. அந்தப் பயணச் செலவைப் பொங்கலுக்கு முன், டிசம்பர் மாதக் கூலியோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும். மாதக் கூலியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாகவேண்டும் என்பதும் சட்டமே. காண்ட்ராக்டர் கையை விரித்தால் பொறுப்பு முதன்மை முதலாளியைச் சேரும். பிப்ரவரியில் வருகிற பயணப் பணத்தால் யாருக்கும் பயன் இல்லை.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தக் கோரிக்கையைத் தமிழர் கோரிக்கை என்று மட்டும் வைத்துக்கொண்டு நாம் நின்றால், இரண்டே நாளில் அதை மொழிச் சண்டையாக்கி மூலையில் போட்டுவிட ஆள் இருக்கிறது. நமக்கு அந்த அனுபவம் போதும் போதும் என்றாகிவிட்டது. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் கலவரம் நடந்தபோது நம் குடும்பங்கள் எந்த நாளும் எண்ணாமல், எந்த டிக்கெட்டும் எடுக்காமல் ஊருக்கு ஓடின. பண்டிகைக்கு நாள் எண்ணிப் போவதற்கும் உயிருக்குப் பயந்து போவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும்.

கல்கத்தாச் சீனர்களுக்கும் அது தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வாரன் ஹேஸ்டிங்ஸ் கொடுத்த நிலத்தில் சர்க்கரை ஆலை வைத்த ஆச்சூ என்பவர் முதற்கொண்டு அங்கே அவர்கள் வாழ்கிறார்கள். தோல் பதனிட்டார்கள், செருப்புத் தைத்தார்கள், மரவேலை செய்தார்கள். 1962 போர் வந்தது. சுமார் 3,000 பேரை, பச்சைக் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை, ரயிலேற்றி ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, தொழிலும் இல்லை. இருந்தும் டாங்ராவில் புத்தாண்டுச் சிங்க ஆட்டம் நின்றுபோகவில்லை. பண்டிகையை ஒட்டி இன்றும் அவர்கள் அச்சிப்பூருக்குப் போய் அந்த முதல் மனிதரின் சமாதியில் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். இந்தோனேசியாவில் 1967 முதல் சீனர்கள் வெளிப்படையாகப் பண்டிகை கொண்டாடவே தடை. 2000-ல் தடை நீங்கியது. 2003 முதல் அது தேசிய விடுமுறை. ஒரு மக்கள் கூட்டத்துக்குக் குடியிருக்கும் நாட்டில் என்ன மதிப்பு என்று அறிய, அவர்கள் பண்டிகை நாளில் தெரு எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

நல்லவேளையாக, நம் பண்டிகை நாளில் இங்கே தெரு நமக்கு எதிராக இல்லை. நாம் பொங்கல் வைக்கும் நாளில் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்து எள்ளு பெல்லா கொண்டுவந்து கொடுக்கிறார். நாமும் கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் கொடுக்கிறோம். ராய்ச்சூரிலிருந்தும் கலபுரகியிலிருந்தும் வந்து நம்மோடு ஷிப்ட் பார்க்கும் கன்னடத் தொழிலாளிக்கும் சங்கராந்திக்கு ஊர் போக ஆசை இருக்கிறது. அவர் மாநிலத்துக்குள்ளேயே இடம் மாறியவர் என்பதால் 61-ஆம் பிரிவு அவருக்குக் கிடைக்காது. தூரமோ நம் தூரத்தைவிட அதிகம். ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் இருக்கிறார்கள். பீகார்க்காரருக்குச் சட் பூஜை. இவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, ஊர் போகும் லீவுக்கு அட்டெண்டன்ஸ் போனஸை வெட்டாதே, திரும்பி வருகிறவனுக்கு அவன் வேலையைக் கொடு என்று கேட்டால் மேனேஜ்மெண்டுக்குப் பதில் சொல்வது கடினம். தமிழர் மட்டும் போய்க் கேட்டால் பதில் சுலபம்.

நடைமுறைக்கு வருவோம். அக்டோபர் மாதத்திலேயே ஒவ்வொரு தெருவிலும் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து, ஆதாரில் உள்ள போன் நம்பரைச் சரிபார்த்து, ரயில்வே கணக்கோடு இணைத்துத் தரவேண்டும். நம்பர் மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போகவேண்டியும் இருக்கலாம். வார லீவு நாளில் சேர்ந்து போங்கள். 2025 ஆகஸ்ட் 11 முதல் மெட்ரோ நம் ஊர் வரை வந்திருக்கிறது, போய்வருவது இப்போது பெரிய காரியமல்ல. நவம்பர் 11 முதல் 14 வரை காலை 8 மணிக்கு யார் வீட்டில் இருக்கிறார்களோ, இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்களும் தாய்மார்களும், அவர்களே தெருவுக்கெல்லாம் டிக்கெட் போடும் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு கணக்கில் மாதம் எத்தனை டிக்கெட் என்று வரம்பு இருக்கிறது. உறவினர் அல்லாதவருக்குக் காசு வாங்கிக்கொண்டு போட்டுக்கொடுத்தால் அது தரகு வேலையாகி வம்பில் முடியும். அவரவர் கணக்கில் அவரவர் டிக்கெட். பக்கத்தில் இருந்து கைகொடுப்பது மட்டுமே நம் வேலை.

பயணச் செலவு மனுவுக்கு ஒவ்வொரு தொழிலாளியும் வேலைக்குச் சேர்ந்த தேதி, காண்ட்ராக்டர் பெயர், சொந்த ஊர், கடைசி மூன்று மாதக் கூலி விவரம் ஆகியவற்றைச் சங்கத்தில் பதிவு செய்யவேண்டும். மனு முதலில் கம்பெனிக்கு, நகல் தொழிலாளர் துறைக்கு. கூலிச் சீட்டு உள்ளவர்கள் அதைக் கொண்டுவாருங்கள். இல்லாதவர்கள் பாங்க் பாஸ்புக்கும் கம்பெனி அடையாள அட்டையும் கொண்டுவாருங்கள். மூன்றுமே இல்லை என்று வீட்டில் தங்கிவிடாமல் அப்படிப்பட்டவர்கள் முதலில் வாருங்கள். அவர்கள் பெயரைத்தான் பட்டியலின் தலையில் எழுதவேண்டியிருக்கிறது.